விபத்தில்லாத தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது நாட்கள்

— உலகத்துலயே பாதுகாப்பான இடம் எதுன்னு யாராவது கேட்டா, யோசிக்காம எங்க கம்பெனியைக் கைகாட்டிருங்க அண்ணி. பேங்க் லாக்கர், போலீஸ் ஸ்டேஷன், அம்மா மடி எல்லாம் அதுக்கு அப்புறம்தான். நான் சொல்லல, போர்டு சொல்லுது.

— கையைத் தூக்குங்க கொழுந்தனாரே.

— எதுக்கு?

— அக்குள் பக்கம் ரெண்டு விரல் தொளதொளன்னு இருக்கு. குண்டூசி போடணும். பாதுகாப்பான ஆளு, கொஞ்சம் அசையாம நில்லுங்க.

— இன்னிக்கு நம்பர் என்ன தெரியுமா? தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது. விபத்தில்லாத நாட்கள், தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது! காலைல எட்டு மணிக்கு என் கையால மாட்டினேன். மூணு ஒன்பதும் ஒரே வரிசைல நின்னப்ப எனக்கே சிலிர்த்துப் போச்சு.

— ஞாயித்துக்கிழமையெல்லாம் சேர்த்தா?

— சேர்த்துதான்.

— கம்பெனி பூட்டிக் கிடக்கிற நாள்ல யாருக்கு அடிபடும்?

— அதனாலதான் அது ரொம்பப் பாதுகாப்பான நாள்.

— சரி. அப்ப எங்க வீட்டுக்காரர் விழுந்தது எந்தக் கணக்குல வருது?

— அதுக்கு ஒரு விளக்கம் இருக்கு அண்ணி.

— சொல்லுங்க. ஊசி என் கைலதான் இருக்கு.

— அண்ணன் லிஃப்ட் பள்ளத்துல விழுந்தது கம்பெனிக்குள்ள. உயிர் போனது ஆஸ்பத்திரில. ரெண்டுக்கும் நடுவுல கேட் இருக்கு. கேட்டைத் தாண்டிட்டா கம்பெனி கணக்குல வராதாம்.

— ஓ. அப்ப அது ஆஸ்பத்திரி விபத்து.

— சேஃப்டி மேனேஜர் அப்படித்தான் சொன்னாரு.

— ஆஸ்பத்திரிக்காரங்க அவங்க போர்டை மாத்தினாங்களா?

— அவங்களுக்குப் போர்டே கிடையாது அண்ணி.

— பாவம். போர்டுகூட இல்லாத இடத்துல போயி ஆளுங்களைப் படுக்க வைக்கிறாங்க. திரும்புங்க, முதுகைப் பாக்கணும்.

— ஆ! குத்திட்டீங்க!

— அசைஞ்சது நீங்க. உங்க கவனக்குறைவு.

— நாளைக்கு ஆயிரம் அண்ணி. சும்மா இல்ல. வாசல்ல மேடை, ஷாமியானா, மைக் செட்டு. போர்டுக்குப் பச்சைத் துணில திரை. முதலாளி வந்து கயித்தை இழுப்பாரு. போர்டுக்குப் பொறுப்பாளர்ங்கிற முறைல நான் பக்கத்துல நிக்கணும். வெள்ளைச் சட்டை கட்டாயம்னுட்டாங்க. என்கிட்ட இருக்கிற வெள்ளைச் சட்டையெல்லாம் பழுப்புச் சட்டையா ஆயி வருஷக்கணக்காச்சு.

— அதான் உங்க அண்ணன் சட்டையைக் கேட்டீங்க.

— அண்ணன் தோளு கொஞ்சம் அகலம்.

— தோளு மட்டுமா? சரி விடுங்க. துணியை வெட்டல, உள்ள மடிச்சுதான் தைக்கிறேன். சதை போட்டா பிரிச்சு விட்டுக்கலாம்.

— எனக்கா? சதையா?

— ஆயிரம் நாள் பத்திரமா வேலை பாக்கிறவங்களுக்கு ஒரு கிலோவாவது ஏறணுமே. அது சரி, என் கத்தரிக்கோலைத் தூக்கி ஓரத்துல வச்சுட்டு, வெட்டுற மேசை மேல ஏதோ காயப்போட்டிருக்கீங்களே, அது என்ன?

— அதைத் தொட்டுராதீங்க, பெயிண்ட் ஈரம். அதான் ஒண்ணு.

— எது ஒண்ணு?

— ஆயிரத்துல வர்ற ஒண்ணு. இத்தனை வருஷமா போர்டுல மூணு கொக்கிதான் அண்ணி. ஆயிரத்துக்கு நாலு வேணுமே? நேத்து இடது பக்கம் ஓட்டை போட்டு நாலாவது கொக்கி அடிச்சது நான். இந்தத் தகடும் நானே வெட்டினது. தங்கக் கலர் அடிக்கச் சொன்னாங்க. ஸ்டோர்ல ஒரே தூசி, தகடுல ஒட்டிக்கும். அதான் சாப்பாட்டு நேரத்துல இங்க கொண்டாந்துட்டேன்.

— மூணு பூஜ்யம்?

— அதெல்லாம் சாதா கறுப்புதான். பூஜ்யத்துக்கு யாரு தங்கம் பூசுவாங்க? இருங்க, போன் அடிக்குது. சூப்பர்வைசரு. ஹலோ சார்... சாப்பிட்டுட்டு இருக்கேன் சார்... ஆச்சு சார், ஒன்பதையெல்லாம் இறக்கிட்டு மூணு பூஜ்யமும் மாட்டியாச்சு, திரையும் மூடியாச்சு... ஆமா சார், ஒண்ணு மட்டும்தான். காயுது சார்... நாளைக்குக் காலைல கையோட கொண்டாந்துடறேன் சார்... நானேதான் மாட்டுவேன் சார், வேற யாரும் ஏணில ஏற வேண்டாம், விழுந்து கிழுந்து வச்சா ஆயிரம் கெட்டுரும்... சரி சார்.

— ரொம்ப அக்கறை.

— ஏணில இருந்து யாராவது விழுந்துட்டா?

— கேட்டுக்கு வெளிய தூக்கிப் போட்டுட வேண்டியதுதானே.

— அண்ணி...

— சரி சரி. சட்டையைக் கழட்டுங்க, ஊசி பாத்து. சாயந்திரம் வந்து வாங்கிக்கங்க. நான் மூணு மணிக்குக் கிளம்பணும்.

— எங்க?

— வக்கீலம்மா ஆபீஸுக்கு. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள கேஸ் போட்டாகணும். ரெண்டு வருஷம்தான் கெடுவாம். இன்னியோட முடியுது.

— கேஸா! நம்ம குடும்பத்துல ஏழு தலைமுறையா ஒருத்தன் கோர்ட்டுப் படி ஏறினது கிடையாது, தெரியுமா?

— ஏழு தலைமுறையா ஒரு சென்ட் நிலம் இருந்ததா, சண்டை போட?

— அதை விடுங்க. வழக்குன்னு போனா ஜெயிச்சவன் தோத்தான், தோத்தவன் செத்தான். பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?

— செத்தவர் முன்னாடியே செத்துட்டாரு. எனக்குப் பாதி வேலை மிச்சம்.

— இருபது வருஷம் இழுப்பாங்க அண்ணி. தீர்ப்பு வர்றப்ப உங்களுக்குப் பல்லு இருக்காது. ஜட்ஜு மூணு பேர் மாறுவாங்க. வக்கீலுக்கு வக்கீல் மாறுவாங்க. கட்டு கட்டா காகிதம் சேரும், அதைக் கரையான் சாப்பிட்டு அதுக்குத்தான் நீதி கிடைக்கும். ஊர்ல என்ன பேசுவாங்க? புருஷன் செத்ததை வச்சு இந்த அம்மா காரியம் சாதிக்குதுன்னு பேசுவாங்க. அப்புறம், கம்பெனி நமக்கு என்ன குறை வச்சது? மாலை கொண்டாந்தாங்க. மேனேஜர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சாரு. மூணாவது மாசமே என்னைக் கூப்பிட்டு வேலை குடுத்தாங்க. இனிமே நாம ஒரே குடும்பம்னாங்க.

— முடிஞ்சுதா?

— இன்னும் ரெண்டு பாயிண்ட் இருக்கு.

— மனப்பாடம் பண்ணிட்டு வந்த மாதிரி இருக்கு. வழில ஒப்பிச்சுக்கிட்டே வந்தீங்களா?

— தானா வருது அண்ணி. நியாயம் நம்ம பக்கம் இருந்தா தானா வரும்.

— நம்ம பக்கம்னா எந்தப் பக்கம்?

— ...பொதுவா சொன்னேன்.

— ஒரே குடும்பம்னு சொன்னீங்களே. நம்ம குடும்பத்துல ஒருத்தர் போனா, அந்த நாளைக் கணக்குல சேர்க்காம விடுவோமா?

— சரி, எவ்வளவு கேட்டு எழுதியிருக்கீங்க?

— அது வக்கீலம்மா ஒரு தொகை போட்டாங்க. வந்தா வேண்டாம்னு சொல்ல நான் ஒண்ணும் துறவி இல்ல, வாண்டுக்குப் படிப்பு இருக்கு. ஆனா நான் கேட்டது ஒரே ஒரு வார்த்தை.

— என்ன வார்த்தை?

— கம்பெனி குடுத்த ரிப்போர்ட்டுல என்ன எழுதியிருக்கு? ‘காரணம்: தொழிலாளியின் கவனக்குறைவு.’ அந்த வார்த்தையை அடிக்கணும். சிவப்பு மைல ஒரு கோடு. அது போதும்.

— அவ்வளவுதானா? அதுக்குப் போயி கோர்ட்டா? ஒரு வார்த்தைக்கு?

— ஒரு வார்த்தைதான். நேத்து வாண்டு கணக்கு நோட்டைக் கொண்டாந்து காட்டினா. கூட்டல்ல நாலு தப்பு. டீச்சர் சிவப்பு மைல ‘கவனக்குறைவு’ன்னு எழுதியிருக்காங்க. வேற பிள்ளையா இருந்தா அழுதிருக்கும்.

— அவ அழலையா?

— சிரிச்சுக்கிட்டே சொல்றா. ‘அம்மா, அப்பாவுக்கும் இதேதானே போட்டாங்க!’ பரிசு வாங்கின மாதிரி காட்டுறா.

— ...அவளுக்கு யாரு அண்ணி அதைச் சொன்னது?

— யாரு சொல்லியிருப்பா?

— அந்தப் பக்கத்து வீட்டு அம்மாவா இருக்கும். அதுக்கு வாய் சும்மா இருக்காது.

— போன மாசம் ஒரு பெரிய கடைக்கு அவளைக் கூட்டிட்டுப் போயி ரிப்பன் வாங்கிக் குடுத்தியே. லிஃப்ட் வாசல்ல ஓடினாளாம். கையைப் பிடிச்சு இழுத்து என்ன சொன்ன?

— நீன்னு சொல்றீங்க. அப்ப கோவமா இருக்கீங்க.

— என்ன சொன்ன?

— ...‘அப்பா மாதிரி கவனக்குறைவா இருக்காதே’ன்னு. பயத்துல வந்துருச்சு அண்ணி. அவ கதவுகிட்டப் போனதும் எனக்கு உசிரே இல்ல.

— தெரியும். நீ கெட்ட எண்ணத்துல சொல்லல. அவங்க எழுதினதை நீ படிச்ச, நீ சொன்னதை அவ பிடிச்சுக்கிட்டா. நாளைக்கு அவ பிள்ளைக்குச் சொல்லுவா. உன் ஏழு தலைமுறைல ஒண்ணு ஆச்சு, இன்னும் ஆறு இருக்கு.

— தண்ணி இருக்கா அண்ணி?

— செம்புல இருக்கு. குடி. நான் பட்டனைத் தச்சுடறேன், நீ நின்னுக்கிட்டு இருக்காத, உக்காரு. ஒண்ணு கேக்கிறேன். அந்த ரெண்டாவது மாடி லிஃப்ட் கதவுக்கு அப்ப கொண்டி இருந்ததா, இல்லையா?

— நான் அப்ப அங்க இல்லையே.

— சாக்குக் கயித்தால கட்டியிருந்தாங்க. மூணு வாரமா. லிஃப்ட் கீழ இருந்தாலும் கதவு திறக்கும். இவரு தினம் சாப்பிடும்போது சொல்லுவாரு, இன்னும் கயிறுதான், இன்னும் கயிறுதான்னு. இப்ப?

— இப்ப புதுக் கொண்டி. நல்லா கெட்டியா இருக்கு.

— எப்ப போட்டாங்க?

— அண்ணன் போன மூணாவது நாளுன்னு சொல்லிக்கிறாங்க.

— தப்பு இவரு மேலன்னா இவரைத்தானே மாத்தணும்? கொண்டியை ஏன் மாத்தினாங்க?

— இவரைத்தான் மாத்திட்டாங்களே. நான் வந்துட்டேன்.

— உன் வாயை மட்டும் வாடகைக்கு விடலாம். சரி, அந்தத் தள்ளுவண்டி? முன் சக்கரம் சிக்கும், அதனால எல்லாரும் முதுகு காட்டி நடந்து இழுப்பாங்கன்னு சொல்லுவாரே. அதை மாத்தினாங்களா?

— அது... அதே வண்டிதான்.

— நீ எப்படி இழுக்கிற?

— யாரு, நானா?

— உன்னைத்தான்.

— முதுகு காட்டித்தான் அண்ணி. தள்ளினா நகர மாட்டேங்குது. ஆனா நான் ரெண்டு அடிக்கு ஒரு தடவை திரும்பிப் பாத்துக்குவேன்.

— அவரும் பாத்திருப்பாரு. கதவு மூடியிருந்தா லிஃப்ட் வரலைன்னு அர்த்தம், திறந்திருந்தா வந்திருச்சுன்னு அர்த்தம். எந்த ஊர்லயும் அப்படித்தான். திறந்திருந்தது, போனாரு.

— விடுங்க அண்ணி. பட்டன்ல கையைக் குத்திக்கப் போறீங்க.

— குத்தினா என் கவனக்குறைவு. சரி, சோகம் போதும். உன் போர்டு பெருமையைச் சொல்லு, கேப்போம். தினமும் மாட்டுறது மட்டும்தானா?

— மாட்டுறது மட்டுமா! ரிஜிஸ்டர் இருக்கு அண்ணி. தேதி, நம்பர், கையெழுத்து. நான் வந்த நாளா ஒரு அடித்தல் கிடையாது, ஒரு திருத்தல் கிடையாது. முத்து முத்தா எழுத்து. எனக்கு முன்னாடி இருந்த ஆளுதான் ஒரு இடத்துல சொதப்பி வச்சிருக்கான்.

— யாரு?

— வாட்ச்மேன் மீசை. முன்னாடி அவன்தான் மாட்டுவான். மகா முட்டாள் அண்ணி அவன். கேட்டா சிரிப்பீங்க.

— சிரிக்க வச்சு நாளாச்சு. சொல்லு.

— அண்ணன் போனதுக்கு மறுநாள் காலைல எட்டு மணி. ஒருத்தரும் அவனுக்கு எதுவும் சொல்லல. இவனா போயி இருநூத்தி அறுபத்தொன்பதைக் கழட்டிட்டு ஒரே ஒரு பூஜ்யத்தை மாட்டிட்டான்!

— யாரும் சொல்லாமலா?

— சொல்லாமலே! ரிஜிஸ்டர்லயும் பூஜ்யம்னு எழுதி, கையெழுத்துப் போட்டு, பக்கத்துல அண்ணன் பேரையும் எழுதிட்டான். பேரை அப்புறம் வெள்ளை மை வச்சு மூடிட்டாங்க. பத்து மணிக்கு மேனேஜர் கார் உள்ள வருது, போர்டைப் பாக்கிறாரு, காரை அங்கயே நிறுத்திட்டாரு. ஒரே சத்தம். ‘யார்யா பூஜ்யம் போடச் சொன்னது?’ன்னு. மீசை என்ன சொன்னானாம் தெரியுமா? ‘நேத்து ஒருத்தர் விழுந்தாரே சார்’னானாம். வேலைக்கு வேட்டு வச்சுக்கிட்டான். ஒரு முட்டைக்காக வேலையைப் போக்கிக்கிட்ட ஒரே ஆளு இவன்தான். இப்ப கோர்ட்டு வாசல்ல வண்டிக்கு டோக்கன் குடுக்கிறான். அறிவு வேண்டாம்?

— அப்புறம் போர்டை என்ன பண்ணினாங்க?

— அதான் அண்ணி வேடிக்கை. அன்னிக்கு வந்திருக்க வேண்டிய நம்பர் என்ன? இருநூத்தி எழுபது. கடைசில பூஜ்யம்தானே? அது ஏற்கெனவே தொங்குது. முன்னாடி ஒரு ரெண்டு, ஒரு ஏழு, அவ்வளவுதான். பூஜ்யத்தைக் கழட்டக்கூட இல்ல. ரிஜிஸ்டர்லயும் அதே கதை. மீசை கறுப்பு மைல பூஜ்யம் போட்டிருக்கான், அதுக்கு முன்னாடி யாரோ நீல மைல இருபத்தேழுன்னு செருகியிருக்காங்க. செருக இடம் பத்தாம ரெண்டு நெளிஞ்சு, ஏழு சாஞ்சு கிடக்கு. என்னை மாதிரி ஒரு ஆளு அப்ப இருந்திருந்தா... என்ன அண்ணி? சிரிக்கலையா?

— ரெண்டு மணி நேரம்.

— என்ன?

— எட்டுலேருந்து பத்து வரைக்கும். ரெண்டு மணி நேரம் அவரு கணக்குல இருந்திருக்காரு. எனக்கு யாருமே சொல்லல.

— எனக்கும் ரிஜிஸ்டர் கைக்கு வந்தப்புறம்தான் தெரியும்.

— எத்தனை நாளா தெரியும்?

— ...நான் அறுநூத்தி முப்பத்திரண்டுல போர்டுப் பொறுப்பு எடுத்தேன்.

— உனக்கு நாளுக்குத் தேதி கிடையாதா? எல்லாத்துக்கும் போர்டு நம்பர்தானா?

— பழகிப்போச்சு அண்ணி.

— ஒரு வருஷமா தெரியும். தினமும் அதுமேல ஒண்ணு கூட்டிக் கூட்டி மாட்டியிருக்க.

— வேலை அண்ணி.

— நான் திட்டல. வேலைதான். அரிசி வாங்கணும், வாடகை குடுக்கணும். திட்டினா உன் சம்பளத்துல நான் சாப்பிட்டதையும் சேர்த்துத்தான் திட்டணும்.

— அப்ப அந்தக் கேஸு... சாட்சி இருக்கா?

— இல்ல. இவருகூட வேலை பாத்த பதினேழு பேரு வீட்டுக்கும் போயிட்டு வந்தேன். எல்லாரும் நல்லா பேசினாங்க. உக்கார வச்சாங்க, தண்ணி குடுத்தாங்க. கயிறுன்னதும் காது கேக்கல. நாளைக்கு எல்லாருக்கும் என்னமோ தர்றாங்களாமே?

— ஆளுக்கு ஒரு சுவர்க் கடிகாரம். நடுவுல கம்பெனி முத்திரை.

— ம். நேரம் நல்லா இருக்குன்னு அதுல பாத்துக்கலாம். பட்டன் ஆச்சு. சட்டையை இஸ்திரி போட்டு வச்சுடறேன்.

— என்கிட்ட மட்டும் ஏன் அண்ணி கேக்கல?

— எதை?

— சாட்சிக்கு. பதினேழு பேரைக் கேட்டிருக்கீங்க. நான் வாரத்துக்கு நாலு நாளு இங்க வந்து சாப்பிட்டுப் போறேன்.

— கேட்டா நீ மாட்டேன்னு சொல்லுவ.

— சொல்லுவேன்னு எப்படித் தெரியும்?

— சொல்லிட்டா அப்புறம் இந்த வீட்டுப் பக்கம் வர உனக்கு வெக்கமா இருக்கும். வாண்டுக்கு அப்பா இல்ல. சித்தப்பாவும் இல்லாம போகணுமா? கேஸு தோத்தா தோக்கட்டும். அதான் கேக்கல. கேக்கவும் மாட்டேன். அந்தச் செருப்பை இப்படித் தள்ளு.

— மணி என்ன?

— ரெண்டே முக்கால். உனக்கு நேரம் ஆகலையா? சூப்பர்வைசரு திரும்பவும் போன் பண்ணப் போறாரு.

— அந்த வக்கீலம்மா ஆபீஸு கோர்ட்டுக்கு எதிர்த்தாப்லயா?

— அதே தெருதான். பஸ்ஸு வாசல்லயே நிக்கும்.

— இந்த நேரத்துல பஸ்ஸு கூட்டமா இருக்கும். நான் வேணா வண்டில இறக்கி விட்டுடறேன். வாசல் வரைக்கும்தான். படி ஏற மாட்டேன், சொல்லிட்டேன்.

— ஏழு தலைமுறை.

— ஆமா. ஏழு தலைமுறை.

— வண்டியை எங்க நிறுத்துவீங்க? டோக்கன் போட்டாத்தான் விடுவாங்களாம்.

— மீசைகிட்ட.

— மகா முட்டாள்கிட்டயா?

— முட்டாளா இருந்தாலும் வண்டியைப் பத்திரமா பாத்துக்குவான். மறுபடியும் ‘நீங்க’ ஆயிட்டேன் போல.

— கோவம் போயிருச்சு கொழுந்தனாரே. வாங்க. வீட்டைப் பூட்டணும். உங்க பையை நானே எடுத்துக்கிறேன், நீங்க வண்டியை... யம்மா, என்ன இந்தக் கனம்? டிபன் டப்பால கல்லா வச்சிருக்கீங்க?

— அதை இப்படிக் குடுங்க.

— டப்பா இல்லையே. அட்டை மாதிரி இருக்கு. சிவப்பு முதுகு... ஏய், இது ரிஜிஸ்டர்!

— மெல்ல. அடுத்த வீட்டுக்குக் கேக்கும்.

— எந்த ரிஜிஸ்டர்? அதுவா?

— அதான். நீல மை, கறுப்பு மை, வெள்ளை மை எல்லாம் இருக்கு. பிரதி எடுத்தா எல்லாமே கறுப்பாத்தான் தெரியும். வக்கீலம்மா ஒரு தடவை நேர்ல கண்ணால பாத்துரட்டும்.

— எப்ப எடுத்தீங்க?

— காலைல. மூணு ஒன்பதையும் மாட்டிட்டு ஏணில இருந்து இறங்கினதும்.

— அப்ப இவ்வளவு நேரமும் இதைப் பைல வச்சுக்கிட்டுதான்... ஏழு தலைமுறை, கரையான், பல்லு...

— பைல இருந்து வெளிய எடுக்கலாமா வேண்டாமான்னு ஒரு முடிவுக்கு வரலை அண்ணி. உங்ககிட்டப் பேசினா தைரியமா வேண்டாம்னு விட்டுரலாம்னு பாத்தேன். நீங்க விடல.

— நான் ஒண்ணும் கேக்கவே இல்லையே!

— அதான் அண்ணி. கேட்டிருந்தா மாட்டேன்னு சொல்லியிருப்பேன்.

— இன்னிக்குத்தான் கெடுன்னு தெரியுமா உங்களுக்கு?

— இருநூத்தி அறுபத்தொன்பதோட ரெண்டு வருஷத்து எழுநூத்தி முப்பதைக் கூட்டினா தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தொன்பது. வாண்டு மாதிரி எனக்குக் கூட்டல்ல தப்பு வராது.

— வேலை போயிருமேப்பா.

— பூட்டுங்க, நேரமாகுது. மீசைக்கு உதவிக்கு ஒரு ஆளு வேணும்னு கேள்விப்பட்டேன். டோக்கன்லயும் நம்பர்தான் இருக்கு.

— இருங்க இருங்க. மேசை மேல பாருங்க, அந்தத் தங்கத் தகட்டை விட்டுட்டு வர்றீங்க.

— பெயிண்ட் ஈரம் அண்ணி. அது அங்கயே காயட்டும்.

— காஞ்சுருச்சு, இப்பத்தான் தொட்டுப் பாத்தேன். சாயந்திரம் வந்து எடுத்துக்கிறீங்களா?

— சாயந்திரம் சட்டையை மட்டும் எடுத்துக்கிறேன். அந்தச் சட்டைலதான் மேடை ஏறணும்.

— அட, நாளைக்குக் காலைல இதை மாட்டணும்னு சூப்பர்வைசர்கிட்டச் சொன்னீங்களே! இது இல்லாம முதலாளி கயித்தை இழுத்தா, அத்தனை பேரு முன்னாடி வெறும் மூணு பூஜ்யம்தானே தொங்கும்? கேட்டா என்ன சொல்லுவீங்க?

— நான் என்னத்தைச் சொல்றது அண்ணி? போர்டு சொல்லும்.